முதல் ஷோ, முதல் ரெசிடென்சி: சென்னையில் டிஜே ஆக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு கன்ட்ரோலர் (பாட்டுகளைக் கலக்கும் சிறு கருவி) இருக்கிறது, மிக்ஸிங் ஓரளவு கைவந்துவிட்டது, நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகள் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை. பதில்களைச் சென்னையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோவை, மதுரை, திருச்சியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் ஷோ உண்மையில் எங்கிருந்து வருகிறது?

ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு டிஜேயிடமிருந்து. நூற்றுக்கணக்கான இடங்களுக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருப்பவர்களைவிட, இரண்டு மூன்று டிஜேக்களுக்கு நன்றாகத் தெரிந்தவராக இருப்பவருக்குத்தான் சீக்கிரம் அழைப்பு வருகிறது. காரணம் எளிது. வெள்ளிக்கிழமை மாலை ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது ஒரே நாளில் இரண்டு புக்கிங் விழுந்தால், அவர் கைப்பேசியைத் திறந்து நம்பகமான ஒரு பெயரைத் தேடுவார். அந்தப் பெயராக நீங்கள் இருக்க வேண்டும்.

இது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. சிகாகோவில் 1977-இல் வேர்ஹவுஸ் கிளப் தொடங்கியபோது அதன் உரிமையாளர் முதலில் கூப்பிட்டது நியூயார்க்கில் இருந்த லாரி லெவனை. அவர் வரவில்லை. அந்த இடம் அவருடைய நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸுக்குப் போனது. இருவரும் நியூயார்க்கில் கான்டினென்டல் பாத்ஸ் என்ற இடத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நடன இசையின் வரலாற்றையே மாற்றிய ஒரு ரெசிடென்சி (ஒரே இடத்தில் தொடர்ந்து வாசிக்கும் வேலை) இப்படித்தான், ஒருவர் மறுத்து இன்னொருவருக்குக் கிடைத்தது. திறமை இல்லாமல் நக்கிள்ஸ் அங்கே நிலைத்திருக்க முடியாது. ஆனால் கதவைத் திறந்தது பழக்கம்.

எனக்கு எந்த டிஜேயையும் தெரியாது. எப்படிப் போய்ப் பேசுவது?

சனிக்கிழமை போகாதீர்கள். அன்று அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புதன், வியாழன் போன்ற கூட்டம் குறைந்த நாளில், அவர் தொடங்குகிற நேரத்துக்கே போய் உட்காருங்கள். முழு செட்டையும் கேளுங்கள். கன்சோலுக்கு முன்னால் நின்று போனில் பாட்டுப் பெயரைக் காட்டுவது, தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். முடித்துவிட்டு ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைக்கிற நேரம் பேச நல்ல நேரம்.

பேசும்போது வாய்ப்புக் கேட்காதீர்கள், அவர் வாசித்ததைப் பற்றிப் பேசுங்கள். "அண்ணா, பத்து மணிக்கு அப்புறம் டெம்போவை இறக்கி மறுபடி ஏத்துனீங்களே, ஏன் அந்த இடத்துல செஞ்சீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இவன் உண்மையிலேயே கேட்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது முறை பார்க்கும்போது, "எப்பவாவது வார்ம்-அப்புக்கு ஆள் தேவைப்பட்டா சொல்லுங்கண்ணா, சீக்கிரமே வந்துடுவேன்" என்று சொல்லலாம். மெயின் டிஜேக்கு முன்னால், கூட்டம் சேரும் நேரத்தில் வாசிப்பதுதான் வார்ம்-அப். அந்த 'சீக்கிரமே வந்துடுவேன்' என்பதைச் செய்து காட்டவும் வேண்டும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை: சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்கள். கல்யாணம், கல்லூரி விழா, அப்பார்ட்மென்ட் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கரும் லைட்டும் அனுப்புகிறவர்கள் இவர்கள்தான். "டிஜேயும் நீங்களே பாத்துக் கொடுத்துடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்வது தினசரி நடப்பது. உங்கள் பகுதியில் உள்ள ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சில நாட்கள் உடன் போங்கள். ஒயர் இழுங்கள், ஸ்பீக்கர் தூக்குங்கள். டாப் (மேல் ஒலிக்கான ஸ்பீக்கர்), சப் (அடி ஒலிக்கானது) எப்படி இணைகிறது, மிக்ஸரிலிருந்து சிக்னல் எப்படிப் போகிறது என்று கையால் தெரிந்துகொள்வீர்கள். பயிற்சி வகுப்பில் பணம் கட்டிக் கற்பதைவிட இது ஆழமாக நிற்கும். அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு டிஜே தேவைப்படும்போது அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரும்.

வார்ம்-அப் செட்டில் என்ன வாசிக்க வேண்டும்?

புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது இதுதான். அதிகம் பேர் கோட்டை விடுவதும் இதில்தான்.

எட்டரை மணி. பாதி மேசை காலி. வந்தவர்கள் அப்போதுதான் மெனுவைப் புரட்டுகிறார்கள். இந்த நேரத்தில் உங்களுக்கு இருக்கிற வேலை யாரையும் ஆடவைப்பது இல்லை. வந்தவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும், இரண்டாவது ரவுண்ட் ஆர்டர் செய்கிற மனநிலை வர வேண்டும், காலாட்டத் தொடங்க வேண்டும். 100 முதல் 115 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகக் கணக்கு) வரை நிதானமாக நகருங்கள். மேசையில் இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் சத்தம் இருக்கட்டும். அந்த வாரம் ஊரே கேட்கிற பாட்டு உங்கள் பென்டிரைவில் இருக்கும், கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். அது பதினொரு மணிக்கு வரப்போகிற மெயின் டிஜேயின் ஆயுதம். ஒன்பது மணிக்கே நீங்கள் அதைப் போட்டுத் தீர்த்துவிட்டால், அடுத்த முறை உங்களை அவர் கூப்பிட மாட்டார்.

ஆரம்பிப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்: "எந்த டெம்போல விட்டுக் கொடுக்கணும்?" அவர் 120 என்றால் கடைசி கால் மணி நேரத்தில் மெல்ல அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். கடைசிப் பாட்டு, முடிவில் வெறும் பீட் நீளமாக ஓடுகிற ஒன்றாக இருக்கட்டும். எந்த சேனலில் ஓடுகிறது என்று விரலால் காட்டி, நிமிர்ந்து, ஹெட்போனைக் கழற்றி நகர்ந்துவிடுங்கள். மிக்ஸரின் மாஸ்டர் நாபைத் தொடக் கூடாது. லெவல் மீட்டரில் சிவப்பு எரியக் கூடாது. சத்தம் போதவில்லை என்று தோன்றினால் சவுண்ட் எஞ்சினியரிடம் சொல்லுங்கள். சிவப்பில் ஓட்டினால் சத்தம் கூடுவதில்லை, கிழிகிறது. கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காது சலித்துவிடும்.

நல்ல வார்ம்-அப் வாசிப்பவருக்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் அறையில் இருக்கிற மேனேஜரும் மெயின் டிஜேயும் கவனிப்பார்கள். அவர்கள் இருவர்தான் உங்களுக்கு அடுத்த வேலை தரப்போகிறவர்கள்.

டெமோ மிக்ஸ் அவசியமா? எவ்வளவு நேரம்?

அவசியம், ஆனால் நினைக்கிற அளவுக்கு அதன்மேல் நேரம் கொட்ட வேண்டாம். அரை மணி நேரம் போதும். யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு நிமிடம் கேட்டு, நடுவில் இரண்டு இடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். ஒரே டேக்கில் பதிவு செய்யுங்கள். கணினியில் வெட்டி ஒட்டிச் சுத்தமாக்கிய மிக்ஸை அனுபவசாலிகள் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த இடத்துக்கு அனுப்புகிறீர்களோ அந்த இடத்துக்கான மிக்ஸாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கமர்ஷியல் பாட்டுகள் ஓடுகிற பப்புக்கு டெக்னோ மிக்ஸ் அனுப்பினால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை.

பதிவேற்ற மிக்ஸ்கிளவுட் வசதியானது. டிஜே மிக்ஸ்களுக்காகவே இசை நிறுவனங்களுடன் உரிமம் வைத்திருக்கும் தளம் அது. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிப்புரிமைக் காரணத்தால் பாதியில் ஒலி அணைந்துபோகவோ நீக்கப்படவோ வாய்ப்பு அதிகம். ஆனால் இன்ஸ்டாவில் சிறு வீடியோ கட்டாயம் வேண்டும். உங்கள் கை மட்டும் தெரிகிற வீடியோவை விடுங்கள். எதிரே இருபது பேராவது ஆடுகிற வீடியோதான் புக் செய்கிறவருக்கு ஏதாவது சொல்லும்.

ஓட்டல், பப் மேனேஜருக்கு எப்படி மெசேஜ் அனுப்புவது?

தமிழ்நாட்டின் மதுபான உரிம விதிகளால் சென்னையில் பப்களும் கிளப்களும் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்குள்ளேயே இருக்கின்றன. அண்ணா சாலை 'தி பார்க்' ஓட்டலின் பாஷா இதற்கு ஊரறிந்த உதாரணம். இப்படிப்பட்ட இடங்களில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஓட்டலின் எஃப் அண்ட் பி (உணவு, பானப் பிரிவு) மேனேஜர், அல்லது அந்த இடத்துக்கான நிகழ்ச்சிகளைக் குத்தகை போல எடுத்து நடத்தும் ஈவென்ட் கம்பெனி. வாசலில் இருப்பவரிடம் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. யார் முடிவெடுக்கிறார் என்று பாரில் வேலை பார்ப்பவரிடம் பணிவாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மெசேஜ் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி:

"வணக்கம் சார். நான் சென்னையில் கமர்ஷியல், ஹவுஸ் வாசிக்கும் டிஜே. கடந்த இரண்டு புதன்கிழமைகளில் உங்கள் இடத்துக்கு வந்திருந்தேன். எட்டு மணி முதல் பத்து வரை பிளேலிஸ்ட் மட்டும் ஓடுகிறது என்று கவனித்தேன். அந்த நேரத்துக்கு வாசிக்க விரும்புகிறேன். அரை மணி நேர மிக்ஸ் லிங்க் கீழே. ஒரு புதன்கிழமை முயற்சி செய்து பார்க்கலாமா?"

கவனியுங்கள், இதில் உங்கள் கனவு, ஆர்வம், சிறு வயதிலிருந்தே இசைப் பித்து எதுவும் இல்லை. அவருடைய இடத்தில் இருக்கும் ஒரு காலி நேரத்தை நிரப்ப ஒருவர் வந்திருக்கிறார் என்பது மட்டும் இருக்கிறது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எந்தச் சாதனம் தெரிந்திருக்க வேண்டும்?

பழக, பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற சிறிய கன்ட்ரோலரே போதும். ஆனால் ஓட்டலிலும் பெரிய மேடையிலும் இருப்பது பெரும்பாலும் சிடிஜே பிளேயரும் (பென்டிரைவிலிருந்து பாட்டை ஓட்டும் தனிக் கருவி) டிஜேஎம் மிக்ஸரும். அங்கே லேப்டாப் வைக்க இடம்கூட இருக்காது. ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் பாட்டுகளை அனலைஸ் செய்து, பென்டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்து கொண்டுபோகப் பழகுங்கள். செரட்டோ என்ற இன்னொரு மென்பொருளில் மட்டும் பழகியவர் தன் பாட்டுகளை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோனால், பாட்டு ஓடும். க்யூ பாயின்ட் (பாட்டில் நீங்கள் குறித்து வைத்த இடங்கள்), பீட்கிரிட் (அடி விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) எதுவும் வராது.

பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கட்டும். என்டிஎஃப்எஸ் என்றால் பிளேயர் படிக்கவே படிக்காது; விண்டோஸ் கணினியில் ஃபார்மட் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒரே பாட்டுகளோடு இரண்டு பென்டிரைவ். 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது வேவ். யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டு லேப்டாப் ஸ்பீக்கரில் நன்றாகத்தான் கேட்கும். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் மேல்ஸ்தாயி மங்கி, அடி தட்டையாகி, முன்பு ஓடிய பாட்டைவிடச் சோகையாகத் தெரியும். ஹெட்போனுக்கு 6.3 மில்லிமீட்டர் கன்வர்ட்டர் பின் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். சின்னப் பொருள், இல்லாமல் தவித்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

சிடிஜே வாங்க இப்போது பணம் இல்லை என்றால் வாடகைக்கு எடுத்து இரண்டு மணி நேரம் பழகிவிட்டு மேடையேறுங்கள்.

தமிழ்ப் பாட்டை மிக்ஸ் செய்யும்போது பீட் ஏன் விலகுகிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. இங்கே வாசிக்கப்போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான தொழில்நுட்பப் பாடம் இல்லை, வெளிநாட்டு யூடியூப் பாடங்களில் இது வருவதும் இல்லை.

எண்பதுகளின் பாட்டுகளில் டிரம்ஸ், தபலா, டோலக் எல்லாம் பெரும்பாலும் மனிதர் கையால் வாசித்தவை. பல்லவியில் 118 இருக்கும், சரணத்தில் 120 ஆகும், இடையிசையில் இன்னும் கொஞ்சம் ஓடும். மென்பொருள் சராசரியாக ஓர் எண்ணைப் போட்டு, பாட்டு முழுக்க ஒரே இடைவெளியில் கோடு கிழித்துவிடும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் சிங்க் பட்டனை நம்பி அதை ஒரு ஹவுஸ் பீட்டோடு சேர்த்தால் எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) சரியாகப் போகும், அப்புறம் இரண்டும் தடதடவென்று மோதும். ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் அனாலிசிஸ் முறையில் மறுபடி அனலைஸ் செய்யலாம், அல்லது கிரிட்டைக் கையால் பகுதி பகுதியாகத் திருத்தலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: நீளமாகக் கலக்கவே வேண்டாம். முந்தின பாட்டின் ஒரு வரி முடிகிற இடத்தில் எக்கோ விட்டு, அந்த எண்பதுகளின் பாட்டின் முதல் அடியை நேராக இறக்குங்கள். அந்தப் பாட்டின் தொடக்க இசையைக் கேட்டதும் கூட்டம் கத்தும். அந்தக் கத்தலுக்குள் மிக்ஸ் சரியா தவறா என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டாவது சிக்கல் குத்துப் பாட்டு. நிறைய குத்துப் பாட்டுகள் திஸ்ர நடையில் ஓடுபவை, அடிக்கு மூன்று. ஹவுஸ், டெக்னோ, ஈடிஎம் எல்லாம் அடிக்கு நான்காகப் போகிறவை. டெம்போ ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. போதாததற்கு, 100 பிபிஎம் திஸ்ரப் பாட்டை மென்பொருள் 150 என்று காட்டுவதும் உண்டு. ஆகவே திஸ்ரப் பாட்டுகளைத் தனிப் பட்டியலாக வைத்து, நான்கைந்தை வரிசையாகப் போடுங்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் பறை, தவில் போன்ற வெறும் தாள லூப் ஒன்றைப் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தைச் சுத்தமாகச் செய்கிறவரை கல்யாண ஈவென்ட் மேனேஜர்கள் விடவே மாட்டார்கள்.

கல்யாண ரிசப்ஷனில் வாசித்தால் 'கல்யாண டிஜே' என்று முத்திரை விழுந்துவிடுமா?

பயப்பட வேண்டாம். ரிசப்ஷனில் ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயது மாமாவும் ஒரே தளத்தில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு பப் கூட்டம் எளிது. நான் பார்த்தவரை இங்கே நிலைத்து நிற்கும் டிஜேக்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுப்பெரிவது கல்யாணப் பணத்தில்தான்.

ஆனால் அதற்கென்று ஒரு நேரக்கணக்கு உண்டு. ஏழு மணிக்கு மேடையில் போட்டோ வரிசை நிற்கும், எட்டரைக்குப் பந்தி உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டவர்கள் தாம்பூலப் பையோடு கிளம்பிவிடுவார்கள். ஆடுவதற்கு உண்மையில் கிடைப்பது கடைசி ஒரு மணி நேரம், அதுவும் மணமக்களின் நண்பர்களும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகளும். ஈசிஆர் புல்வெளிகளில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் இன்னும் நெருக்கடி: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. எனவே உச்சத்தை ஒன்பதேகாலுக்கே கொண்டுவரத் திட்டமிடுங்கள்.

மண்டபங்களில் மின்சாரமும் ஒரு பிரச்சினை. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுகிற சில நொடியில் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், தனி மின்சாரத்தில் ஓடும் பிளேயரும் மிக்ஸரும் அணைந்து மறுபடி உயிர் பெற நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் முந்நூறு பேர் உங்களையே பார்ப்பார்கள். கணினிக்கு வாங்குகிற சாதாரண யுபிஎஸ் ஒன்றை உங்கள் மேசைக்கு அடியில் வையுங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ஊம்' என்று இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. சவுண்ட்காரரிடம் அந்த இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் கேளுங்கள்.

வாய்ப்புத் தேட நல்ல மாதம் எது?

காலண்டரைப் பார்த்து வேலை தேடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் நடப்பதில்லை, புரட்டாசியிலும் குறைவு. ஆனால் நவராத்திரியை ஒட்டி தாண்டியா இரவுகள் வரும். மார்கழி நடுவில்தான் டிசம்பர் 31-உம் வருகிறது.

டிசம்பர் 31 புதியவர்களுக்கான நாள். ஊரில் உள்ள எல்லா டிஜேயும் அன்று புக் ஆகிவிடுவார்கள். அப்பார்ட்மென்ட் சங்கம், கிளப் ஹவுஸ், ரிசார்ட், சிறு ஓட்டல் என்று எல்லோருக்கும் ஒரே இரவில் ஆள் வேண்டும். அதற்கான பேச்சு அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட்டால் மிச்சம் மீதிதான். இன்னொரு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, கல்லூரி கல்ச்சுரல்ஸ் நேரம். பெரிய மேடை கிடைக்காது. டிபார்ட்மென்ட் சிம்போசியத்தின் கடைசி ஒரு மணி நேரம் கிடைக்கும். வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு வாங்காமல் வாசிக்கலாமா?

நண்பர் வீட்டு மொட்டைமாடி, உங்கள் கல்லூரி, உங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா: தாராளமாக. நியூயார்க்கில் டேவிட் மன்குசோ 1970-இல் தன் வீட்டிலேயே நடத்திய பார்ட்டியிலிருந்துதான் 'தி லாஃப்ட்' வளர்ந்தது. வீட்டுக்கூடத்தில் வாசிப்பதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

டிக்கெட் விற்கிற, மது விற்கிற இடம் "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று சொல்லிச் சும்மா வாசிக்கச் சொன்னால், என் பதில் கூடாது என்பதுதான். நீங்கள் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அந்த இடத்தில் வாங்கிக்கொண்டிருந்த இன்னொருவரின் சம்பளத்தையும் வெட்டுகிறீர்கள். ஒரே ஒரு முயற்சி இரவு என்று தெளிவாகப் பேசி, போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு வாசிப்பது வரை நியாயம். இரண்டாம் முறையிலிருந்து தொகை பேசுங்கள்.

எவ்வளவு கேட்பது?

ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எண்ணைவிடக் கணக்கைச் சொல்கிறேன். டிஜே மட்டுமா, சவுண்டும் லைட்டும் சேர்த்தா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். சண்டைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. எத்தனை மணி நேரம், கூடுதலானால் மணிக்கு எவ்வளவு, போய்வரும் வண்டிச் செலவு யாருடையது என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்குங்கள். பாதித் தொகை அட்வான்ஸ், மீதி வாசிக்கத் தொடங்கும் முன். 'முடிஞ்சதும் பாத்துக்கலாம்' என்று சொல்கிற கல்யாண வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது என்று நள்ளிரவில் தேடுவது கொடுமை.

ஓட்டல்கள் வரி பிடித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் போடும். பான் கார்டு, இன்வாய்ஸ் தயாராக இருக்கட்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது பிடித்த வரி உங்கள் வரிக் கணக்கில் கழிக்கப்படும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் நாள் வந்தால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும்.

பாட்டுக்கான உரிமம் யார் வாங்க வேண்டும்?

நிகழ்ச்சியை நடத்துபவர் அல்லது இடத்தின் உரிமையாளர். பதிவு செய்த ஒலிக்கு பிபிஎல் போன்ற நிறுவனங்களும், இசை, வரிகளுக்கு ஐபிஆர்எஸ்ஸும் உரிமம் தருகின்றன. கல்யாணத்துக்கு விலக்கு உண்டு: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு கல்யாண ஊர்வலத்தையும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களையும் விலக்குகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. இருந்தாலும் சில ஓட்டல்கள் சான்று கேட்கும். அதை வாடிக்கையாளரும் ஓட்டலும் பேசித் தீர்க்கட்டும். டிக்கெட் போட்டு நடக்கும் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு இந்த விலக்கு பொருந்தாது. உங்கள் ஒப்பந்தத்தில் 'இசை உரிமங்கள் அமைப்பாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கட்டும்.

எனக்கு 18 வயதுதான். பப்பில் வாசிக்க முடியுமா?

தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. நிறைய இடங்கள் அதற்குக் கீழே உள்ளவர்களை உள்ளேயே விடுவதில்லை. இந்த மூன்று ஆண்டுகளைக் கல்லூரி, கல்யாணம், அப்பார்ட்மென்ட் நிகழ்ச்சிகளில் செலவிடுங்கள். 21-இல் உள்ளே போகும்போது கையில் அனுபவம் இருக்கும்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வருவது பாதுகாப்பா?

வருகிறார்கள், நன்றாக வாசிக்கிறார்கள், இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். நள்ளிரவில் வீடு திரும்ப வண்டி, பூட்டக்கூடிய ஓர் அறை, கன்சோலுக்கு முன்னால் ஒரு தடுப்பு அல்லது பவுன்சர், உடன் ஒருவரை அழைத்துவர அனுமதி. இவற்றைச் சலுகையாகக் கேட்காமல், தொகை பேசும்போதே நிபந்தனையாகப் பேசுங்கள். முகம் சுளிக்கிற இடத்தில் வாசிக்க வேண்டாம். ஆண் டிஜேக்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்கு வர முடியாத நாளில் கொடுக்க வைத்திருக்கும் பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிக்வெஸ்ட் கேட்டுத் தொந்தரவு செய்தால்?

கல்யாணத்தில் அவர்கள் கேட்பதைப் போடுங்கள், அது அவர்கள் வீட்டு விழா. பப்பில் சிரித்துக்கொண்டே "பாக்கறேன் சார்" என்று சொல்லி, பொருந்துகிற நேரத்தில் போடுங்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள். ஒரே பாட்டை மூன்று மேசையிலிருந்து கேட்டால் அது தொந்தரவு இல்லை, தகவல்.

ரெசிடென்சி எப்படிக் கிடைக்கிறது?

விண்ணப்பித்துக் கிடைப்பதில்லை. ஒரு இடத்தில் நான்கைந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு வந்து, பிரச்சினை இல்லாமல் முடித்துக் கொடுத்தவரிடம், "இனிமே வியாழக்கிழமை நீயே பாத்துக்கப்பா" என்று சொல்லப்படுவதுதான் ரெசிடென்சி.

மேனேஜர் பார்ப்பது பில். உங்கள் இரவில் மேசைகள் எத்தனை மணி வரை நிறைந்திருக்கின்றன, கடைசி ஆர்டர் எப்போது விழுகிறது என்று அவர் பார்ப்பார். அதனால் இரண்டு மணி நேரம் இடைவிடாமல் உச்சத்திலேயே ஓட்டாதீர்கள். ஆடுகிறவர் குடிக்கப் போக வேண்டும், குடித்தவர் ஆட வர வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் இறக்கி, பார் பக்கம் கூட்டம் நகர்வதைப் பார்த்து, மறுபடி ஏற்றுகிறவரை எந்த மேனேஜரும் மாற்ற விரும்பமாட்டார்.

விருந்தினராக வருகிற டிஜே தன்னிடம் உள்ள சிறந்த ஒன்றரை மணி நேரத்தை வாசித்துவிட்டுப் போய்விடலாம். ரெசிடென்ட் வாராவாரம் அதே முகங்களுக்கு வாசிக்க வேண்டும். அதே செட்டை இரண்டாம் வாரம் போட முடியாது. மூலை மேசையில் உட்காருகிற அந்த நால்வர் எதற்கு எழுவார்கள், மாதச் சம்பளம் வந்த வாரத்தில் கூட்டம் எப்படி மாறுகிறது, மழை நாளில் எத்தனை மணிக்குக் கலைகிறது என்று அறையைப் படித்து வைத்திருப்பவர் அவர். லாரி லெவன் நியூயார்க்கின் பாரடைஸ் கராஜில் 1977 முதல் 1987 வரை வாசித்தார். இன்றுவரை அவர் பெயர் சொல்லப்படுவதற்குக் காரணம், பத்து ஆண்டுகள் ஒரே அறையையும் அதன் மக்களையும் அந்த அளவுக்கு அறிந்து வைத்திருந்தது. என்னைக் கேட்டால், பெரிய மேடையில் ஒரு நாள் ஏறுவதைவிட ஒரு சின்ன பாரில் ஓராண்டு ரெசிடென்டாக இருப்பதுதான் ஒருவரை டிஜே ஆக்குகிறது.

ரெசிடென்சி பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், மாதச் சம்பளமா இரவுக் கணக்கா. தேர்தலை ஒட்டியோ காந்தி ஜெயந்தி அன்றோ மது விற்பனை இல்லாத நாட்களில் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். இதைப் பலரும் மறந்துவிட்டு மாதக் கடைசியில் தவிக்கிறார்கள். வேறு இடத்தில் வாசிக்கத் தடை உண்டா? அதே தெருவில் வாசிக்கக் கூடாது என்றால் நியாயம், ஊரிலேயே வாசிக்கக் கூடாது என்றால் அதற்கேற்ற சம்பளம் வேண்டும். நிறுத்துவதானால் இரு தரப்பும் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் வர முடியாத நாளில் மாற்று ஆளை நீங்களே அனுப்பலாமா என்றும் கேட்டு வையுங்கள். அந்த மாற்று ஆள், உங்களிடம் வார்ம்-அப் கேட்டு வருகிற அடுத்த பையனாக இருக்கலாம்.

காது போய்விடுமா?

கவனிக்காவிட்டால் போய்விடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக்கை முதல் சம்பளத்திலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் ஸ்பீக்கரான பூத் மானிட்டரைக் குறைத்து வையுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

ஒரு முழு ஆண்டு, அதாவது ஒரு ஆடியும் ஒரு மார்கழியும் கடக்கும் வரை வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். தை, சித்திரை, வைகாசி மாதங்களின் வரவைப் பார்த்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதுகிறவர்கள் ஆடியில் வாடகைக்குத் தடுமாறுகிறார்கள். ஆண்டின் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அது உங்கள் வீட்டுச் செலவைத் தாண்டி, கையில் வாரம் ஒரு நிலையான ரெசிடென்சியும் இருந்தால் தைரியமாக இறங்கலாம். தாண்டாவிட்டால் வார இறுதிகளில் தொடருங்கள்; திங்கள்கிழமை ஓஎம்ஆரில் அலுவலகத்துக்குப் போகிற நல்ல டிஜேக்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.